பந்தைத் தொடாமல் பந்தை அடிப்பது எப்படி?

2003ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள சாண்ட்விச் என்ற ஊரில், ராயல் செயின்ட் ஜார்ஜஸ் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். டென்மார்க் வீரர் தாமஸ் பியோர்ன் இரண்டு அடிகள் முன்னிலையில் 16ஆவது குழிக்கு வருகிறார். மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய எளிய தூரம்தான். ஆனால் அவர் அடித்த பந்து ‘பங்கர்’ எனப்படும் மணற்பள்ளத்தில் விழுந்தது. மணலிலிருந்து மேலே எழுப்பினார். பந்து புல்தரையின் சரிவைத் தொட்டுவிட்டு மறுபடியும் பள்ளத்துக்கே உருண்டு வந்தது. மீண்டும் அடித்தார், மீண்டும் அதே கதை. மூன்றாவது முயற்சியில்தான் பந்து வெளியே நின்றது. முன்னிலை போய்விட்டது.

இறுதியில் அவர் ஒரே ஓர் அடியில் கோப்பையை இழந்தார். வென்றவர் பென் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கர்; அன்றைய உலகத் தரவரிசையில் 396ஆவது இடத்தில் இருந்தவர். இதில் இன்னொரு வேதனையும் உண்டு. முதல் நாளன்று, பந்து பங்கரிலிருந்து வெளியேறாத எரிச்சலில் பியோர்ன் மட்டையால் மணலை ஓங்கி அடித்திருந்தார். விதிமீறல் என்று இரண்டு தண்டனை அடிகள் சேர்க்கப்பட்டன. ஆக, முதல் நாளும் கடைசி நாளும் அவரைத் தோற்கடித்தது மணல்தான்.

உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரையே இப்படித் திணறடிக்கும் அளவுக்கு மணலில் என்ன இருக்கிறது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நம்ம பக்கத்துப் பங்கர்கள்

கோல்ஃப் நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு என்று பலர் நினைக்கலாம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்டது 1893இல். சௌஜானா திடல் செம்பனைத் தோட்டத்தின் நடுவே உருவானது. போர்ட் கிள்ளானிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோத்தா பெர்மாய் திடலில்தான் 2008இல் இந்திய வீரர் அர்ஜுன் அத்வால் மலேசிய ஓப்பன் பட்டத்தை வென்றார். சுங்கை பெசியில் உள்ள மைன்ஸ் திடலில் 1999இல் கோல்ஃப் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. டைகர் வூட்ஸும் மார்க் ஓ’மேராவும் அமெரிக்காவுக்காக அதை வென்றனர்.

இந்தத் திடல்கள் எல்லாவற்றிலும் பங்கர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் இந்த ஆட்டம் வளர்ந்தபோது, அங்கே இயற்கையாகவே இருந்த மணற்பள்ளங்கள் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டன. கடலே இல்லாத இடங்களில் திடல் அமைத்தவர்களும் மணலைக் கொண்டுவந்து கொட்டி, அதே தடையைச் செயற்கையாக உண்டாக்கினார்கள்.

பந்தை அடிக்காதே, மணலை அடி

பங்கரில் பந்து கிடக்கிறது. குழி இருக்கும் புல்தரை 10 அல்லது 15 மீட்டர் தூரத்தில். புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? பந்தை நேராக அடிப்பார். மட்டை பந்தின் நடுவில் பட்டால், அது புல்தரையைத் தாண்டி எங்கோ போய் விழும். பயந்துபோய் மெதுவாக அடித்தால், மட்டை மணலில் சிக்கி நின்றுவிடும். பந்து அங்கேயே கிடக்கும்.

அனுபவசாலிகள் வேறு மாதிரி அடிப்பார்கள். பந்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் மணலில் மட்டையை இறக்குவார்கள். மட்டை பந்துக்கு அடியில் மணலுக்குள் வழுக்கிச் சென்று மறுபக்கம் வெளியே வரும். மட்டையின் முகம் பந்தைத் தொடுவதே இல்லை. நகர்வது மணல், அந்த மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு பாயின் மேல் பந்தை வைத்துவிட்டுப் பாயை உதறினால் பந்து எழும்புவதைப் போல.

இதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மட்டை மணலில் கீறும் பள்ளம் 20 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 280 கன சென்டிமீட்டர். உலர்ந்த மணல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம். அப்படியானால், கிளம்பும் மணல் ஏறத்தாழ 420 கிராம். கோல்ஃப் பந்தின் எடையோ 46 கிராமுக்கும் குறைவு. அதாவது, பந்தைப் போல் ஒன்பது மடங்கு மணலை வீரர் வீசுகிறார். பந்து அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

மட்டையின் ஆற்றலில் பெரும்பகுதி மணலை எறிவதிலும், மணிகள் ஒன்றோடொன்று உரசுவதிலும் செலவாகிவிடுகிறது. அதனால்தான் வீரர் பெரிய வீச்சாக வீசினாலும் பந்து மெல்ல எழும்பிச் சில மீட்டர்களிலேயே இறங்குகிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. மட்டை அரை சென்டிமீட்டர் ஆழமாகப் போனால், மேற்சொன்ன கணக்குப்படி நூறு கிராம் மணல் கூடிவிடும். பந்து போகும் தூரம் குறைந்துவிடும். அந்தச் சிறு வேறுபாடு போதும், சரிவில் விழுந்த பந்து திரும்பி உருண்டு வர.

திடமா, திரவமா?

மணல் ஒரு விநோதமான பொருள். அதன் மேல் நாம் நிற்கலாம், லாரி நிற்கலாம். அப்போது அது திடப்பொருள். அதையே வாளியிலிருந்து சாய்த்தால் தண்ணீரைப் போல் ஓடும். ஒவ்வொரு மணியும் கல்தான். ஆனால் கோடிக்கணக்கான மணிகள் சேர்ந்தால், அவை அமுங்கியிருக்கின்றனவா, தளர்ந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்துக் குணம் மாறிவிடுகிறது.

இதற்கு ஒரு முக்கியமான விளக்கத்தை 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் தந்தார். நெருக்கமாக அடுங்கிய மணலில் ஒரு மணி நகர வேண்டுமானால், பக்கத்து மணியின் மேல் ஏறித் தாண்ட வேண்டும். அப்படி எல்லா மணிகளும் ஏறும்போது, மணல் மொத்தமாகச் சற்று விரிந்தாக வேண்டும். விரிய இடமில்லை என்றால் மணல் நகராது, இறுகிவிடும்.

மோரிப்பிலோ போர்ட் டிக்சனிலோ ஈர மணலில் நடந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறி உலர்ந்துபோகும். நாம் அழுத்தியதால் தண்ணீர் வெளியே வர வேண்டும் அல்லவா? நடப்பது எதிர்மாறு. அழுத்தத்தில் மணிகள் விரிகின்றன, இடைவெளி கூடுகிறது, மேலே இருந்த தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது.

இப்போது பங்கருக்கு வருவோம். மேற்பரப்பில் இருக்கும் மணிகளுக்கு மேலே வெறும் காற்றுதான். அவை விரியலாம், எழும்பலாம், சிதறலாம். அதனால் மேலாகச் சீவும் மட்டைக்கு மணல் வழிவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் மணிகளை மேலே உள்ள மணலின் எடை அழுத்திக்கொண்டிருக்கிறது. விரிய இடமில்லை, உராய்வும் அதிகம். அங்கே மட்டை இறங்கினால் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். ஆகவே, பங்கர் ஆட்டத்தின் ரகசியம் பலத்தில் இல்லை. மட்டையை மேல்மணலிலேயே வைத்திருப்பதில் இருக்கிறது.

விமானம் கற்றுத் தந்த மட்டை

மேல்மணலில் மட்டையை எப்படி நிறுத்துவது? பழைய மட்டைகளின் அடிப்பகுதி மெல்லியது. மண்வெட்டி போல மணலுக்குள் இறங்கிவிடும். இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசன். விமானம் ஓட்டப் பழகியபோது, விமானத்தின் பின்பகுதி கீழே அழுந்துகையில் முன்பகுதி மேலே எழுவதைக் கவனித்ததாக அவர் பின்னாளில் சொன்னார். மட்டைக்கும் அப்படி ஒரு வால் இருந்தால் என்ன? தம்முடைய மட்டையின் அடியில் உலோகத்தை உருக்கி ஒட்டி, அராவி, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி செய்தார்.

இந்தத் தாழ்வுக் கோணத்தை ‘பவுன்ஸ்’ என்பார்கள். இன்றைய ‘சாண்ட் வெட்ஜ்’ மட்டைகளில் இது பொதுவாக 8 முதல் 14 பாகை வரை இருக்கும். மணலில் முதலில் தட்டையான அடிப்பாகம் படுகிறது. மணல் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. மட்டை புதையாமல், தண்ணீரில் எறிந்த ஓட்டாஞ்சல்லி போலச் சறுக்கிச் செல்கிறது.

1932இல் சாரசன் இந்த மட்டையோடு பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடி ஐந்து அடிகள் வித்தியாசத்தில் வென்றார். போட்டிக்கு முன் யாராவது பார்த்துத் தடை கோரிவிடுவார்களோ என்று மட்டையை மறைத்து வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் குழிந்த முகம் கொண்ட மணல் மட்டைகள் தடை செய்யப்பட்டிருந்தன. அவர் வென்ற இடம் சாண்ட்விச்சில் உள்ள பிரின்சஸ் திடல். பியோர்ன் 71 ஆண்டுகளுக்குப் பிறகு தோற்ற திடலுக்கு அடுத்த வேலி அது.

எந்த மணலும் ஆகுமா?

ஆகாது. பங்கர் மணலில் பெரும்பாலான மணிகள் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும். வண்டலும் களிமண்ணும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மணியின் வடிவமும் முக்கியம். உருண்டு வழவழப்பான மணிகள் கோலிக்குண்டுகள் போல நழுவும்; மேலிருந்து விழும் பந்து பாதி புதைந்துவிடும். ‘பொரித்த முட்டை’ என்று ஆட்டக்காரர்கள் சலித்துக்கொள்ளும் நிலை அதுதான். கோணல்மாணலான மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பந்து மேலேயே நிற்கும்.

மணலையும் சேற்றையும் பிரிக்கும் வேலை கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. நாம் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தின் தாதுவை இங்கே அப்படித்தான் எடுத்தார்கள். அந்தத் தாது தண்ணீரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு அடர்த்தி; மணலோ இரண்டரை மடங்கு சொச்சம்தான். தண்ணீரோடு ஓடவிட்டால் தாது அடியில் தங்கும். மணல் அடித்துச் செல்லப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் படியும். மெல்லிய சேறு இன்னும் தள்ளிப்போய்த்தான் படியும். டூலாங் தட்டைச் சுழற்றி ஈயம் அரித்த பெண்கள் கையால் செய்ததும் இதையேதான். மைன்ஸ் திடல் இருக்கும் இடம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. ஈயத்தை வடித்தெடுத்துவிட்டு மணலைக் கழிவாகத் தள்ளிய அதே நிலத்தில், பிறகு மணலைத் தேர்ந்தெடுத்துப் பள்ளங்களில் நிரப்பினார்கள்.

மழை வந்தால் கணக்கு மாறும்

உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். கொஞ்சம் ஈரமானால் நிற்கும். மணிகளுக்கு இடையே தண்ணீர் மெல்லிய பாலங்களாக நின்று, அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. குழந்தைகள் மணல்வீடு கட்ட முடிவது இதனால்தான். ஆனால் தண்ணீர் மிகுந்து இடைவெளிகள் அனைத்தையும் நிரப்பிவிட்டால் அந்தப் பாலங்கள் மறைந்துவிடும். வீடு கூழாகிவிடும்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நம் வட்டாரத்தில் இது அன்றாடப் பிரச்சினை. மாலையில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் போதும். பங்கரின் சரிவில் உள்ள மணல் கீழே வழிந்துவிடும். கரையிலுள்ள செம்மண் அதோடு கலந்துவிடும். மறுநாள் காலை திடல் பணியாளர்கள் மணலை மண்வெட்டியால் மேலே ஏற்ற வேண்டும். கலந்த களிமண்ணை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது. அது இடைவெளிகளை அடைத்து நீர் வடிவதைத் தடுக்கும். வெயில் பட்டதும் மேலே ஓடு போல இறுகும். இதற்காகத்தான் மணலுக்கு அடியில் சரளைக்கல்லும் வடிகுழாயும் பதிக்கிறார்கள். மண் மேலேறாமல் இருக்கத் துணி போன்ற தடுப்பும் போடுகிறார்கள்.

ஆட்டக்காரருக்கு இதன் பொருள் என்ன? மூன்று நிலைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

உலர்ந்த, பொலபொலப்பான மணல்: மட்டையின் முகத்தை நன்றாகத் திறந்து, பவுன்ஸைப் பயன்படுத்தி, தயங்காமல் வீச வேண்டும். மணல் பந்தின் அடியை உரசிச் செல்வதால் பந்து பின்னோக்கிச் சுழன்று, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்கும்.

மழையில் நனைந்து இறுகிய மணல்: இங்கே பவுன்ஸ் அதிகமுள்ள மட்டை எதிரி. கெட்டியான பரப்பில் அது துள்ளி எழுந்து பந்தின் வயிற்றில் அறையும். பவுன்ஸ் குறைந்த மட்டையை எடுத்து, முகத்தைக் குறைவாகத் திறந்து, வீச்சையும் சற்றுக் குறைக்க வேண்டும்.

பாதி புதைந்த பந்து: இங்கே மட்டை கொஞ்சம் ஆழமாகத்தான் போக வேண்டும். முகத்தைத் திறக்காமல், முன்விளிம்பு மணலை வெட்டும்படி இறக்குவார்கள். இடையில் மணல் அதிகம் என்பதால் பின்சுழற்சி இருக்காது. பந்து விழுந்த பிறகு நெடுந்தூரம் உருளும். அதற்கும் இடம் விட்டு அடிக்க வேண்டும்.

இந்த மூன்றும் புல்தரைக்கு அருகிலுள்ள பங்கர்களுக்குத்தான். குழி நூறு மீட்டருக்கு அப்பால் என்றால் பாடம் தலைகீழ்: பந்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும், மணலைத் தொட்டால் தூரம் போய்விடும். 1988இல் ஸ்காட்லாந்தின் சாண்டி லைல், மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிக் குழியில் அப்படி ஒரு பங்கரிலிருந்து சுத்தமாக அடித்த பந்துதான் அவருக்குப் பட்டத்தை வாங்கித் தந்தது.

பங்கரிலிருந்து கப்பலுக்கு

தண்ணீர் கூடினால் மணல் கூழாகும் என்று பார்த்தோம். அதோடு ஆட்டமும் சேர்ந்துகொண்டால்? கடற்கரையில் நீர் தோய்ந்த மணலில் நின்று பாதங்களை அசைத்துப் பாருங்கள். உறுதியாக இருந்த தரை இளகும். கால் உள்ளே இறங்கும். மணிகள் குலுங்கி நெருங்கும்போது இடையிலிருந்த நீர் அழுத்தப்பட்டு, மணிகளைத் தாங்கத் தொடங்குகிறது. மணிக்கும் மணிக்கும் இருந்த பிடி போய்விடுகிறது.

கோல்ஃபில் இதனால் போவது ஓர் அடி. துறைமுக ஊரில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய விலை தெரிந்திருக்க வேண்டும். 2014 டிசம்பர் இறுதியில் பல்க் ஜூபிட்டர் என்ற கப்பல் 46,400 டன் பாக்சைட் மண்ணை ஏற்றிக்கொண்டு குவாந்தானிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டது. மழைக்காலம். சரக்கின் ஈரப்பதம் அனுமதிக்கப்பட்ட 10 விழுக்காட்டைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது பின்னர் தெரியவந்தது. 2015 ஜனவரி 2ஆம் தேதி வியட்நாம் கடற்பகுதியில் கப்பல் சாய்ந்து மூழ்கியது. 19 பிலிப்பினோ பணியாளர்களில் சமையல்காரர் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

ஏற்றும்போது அது பார்வைக்குத் திடமான மண்தான். அலையின் ஆட்டத்தில் நீர் பிரிந்து மேலே வந்து, குழம்பாகி, கப்பல் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடினால், கப்பலால் நிமிர முடியாது. இந்த விபத்துக்குப் பிறகு அனைத்துலகக் கடல்சார் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. பாக்சைட் ஏற்றும் விதிகளும் மாற்றப்பட்டன. மணியின் அளவு, ஈரத்தின் அளவு, ஆட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு மண் குவியல் தரையாக நிற்குமா, திரவமாக ஓடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

வீட்டில் செய்து பாருங்கள்

மாணவர்களே, இதற்குக் கோல்ஃப் மட்டை தேவையில்லை. வீடு கட்டும் இடத்திலிருந்து கொஞ்சம் மணலைக் கேட்டு வாங்கி மூன்று டப்பாக்களில் நிரப்புங்கள். ஒன்று உலர்ந்தது, ஒன்று லேசான ஈரம், ஒன்றில் தண்ணீர் நிற்கட்டும். ஒரு தேக்கரண்டியை விளிம்பு முன்னால் இருக்கும்படி மூன்றிலும் இழுங்கள். பிறகு கரண்டியின் முதுகுப்புறம் மணலில் படும்படி இழுங்கள். எப்போது புதைகிறது, எப்போது வழுக்குகிறது என்று எழுதி வையுங்கள். சாரசன் தம் மட்டையில் உண்டாக்கிய வித்தியாசம் உங்கள் கையிலேயே தெரியும். கடைசியாக, தண்ணீர் நிற்கும் டப்பாவின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்து, டப்பாவின் பக்கத்தில் மெல்லத் தட்டுங்கள். கல் எத்தனை தட்டில் உள்ளே இறங்குகிறது என்று எண்ணுங்கள். உலர்ந்த மணலிலும் அதே சோதனையைச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.